விலையில்லாப் பொருளின் விலை

இரவு உணவு முடிந்துவிட்டது. மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவன் ஒருவன் மணி பார்ப்பதற்காகக் கைபேசியை எடுக்கிறான். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. நண்பன் ஏதோ படம் அனுப்பியிருக்கிறான். அதைத் தொடுகிறான். படத்தின் கீழே ஒரு காணொளி, அது முடியுமுன் அடுத்தது, அதன்பின் இன்னொன்று. அவன் தலை நிமிரும்போது ஒன்றரை மணி நேரம் கழிந்திருக்கிறது. எதற்காகக் கைபேசியை எடுத்தானோ அந்த மணியை அவன் கடைசிவரை பார்க்கவே இல்லை.

'எனக்கு மன உறுதி இல்லை' என்று அவன் தன்னையே நொந்துகொள்கிறான். தாய் கடிந்துகொள்கிறார். தந்தையும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தம் கைபேசியை எடுக்கிறார்; சிறிது நேரத்தில் அவரும் அதே ஓடையில் இறங்கிவிடுகிறார்.

இந்தக் காட்சியில் பிழை யாருடையது? மனத்தை அடக்கத் தெரியாதவனுடையது என்பதே வழக்கமான விடை. அந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத மற்றொருவரும் இருக்கிறார். திரையை அவ்வாறு வடிவமைத்தவரே அவர். அவருக்கும் பொறுப்பு உண்டா? அந்தப் பொறுப்பைச் சட்டம் கேட்கலாமா? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

முடிவை நீக்கிய வடிவமைப்பு

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கச்சேரிக்கு மங்களம் உண்டு. வானொலி நிலையம் இரவில் நிகழ்ச்சிகளை நிறைவு செய்து நேயர்களிடம் விடைபெறும் வழக்கம் இருந்தது. இவை ஒவ்வொன்றும் மனிதனை ஒரு கணம் நிறுத்தி, 'எழுந்திருக்கலாமா, இன்னும் தொடரலாமா?' என்று சிந்திக்க வைத்தன. விவேகம் செயல்படுவதற்கு அந்த ஒரு கண இடைவெளி போதும்.

தொடக்ககால இணையத்திலும் இந்த இடைவெளி இருந்தது. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவர் 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மேலே செல்ல முடியும். 2006-ஆம் ஆண்டு அசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானை நீக்கினார். பக்கத்தின் அடியை நெருங்கும்போதே அடுத்த பகுதி தானாக வந்து சேரும் முறையை உருவாக்கினார். படிப்பவரின் சிரமத்தைக் குறைப்பதே அவரது நோக்கம். சமூக ஊடகங்கள் அதைக் கைக்கொண்டபோது விளைவு வேறாயிற்று: எவ்வளவு இறைத்தாலும் அடி தெரியாத கிணறாகத் திரை மாறிற்று. தம் கண்டுபிடிப்பின் விளைவுக்காக ராஸ்கின் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். இத்தகைய வடிவமைப்பைச் சீர்திருத்தும் பணியிலும் ஈடுபட்டார்.

இதனுடன் வேறு உத்திகளும் சேர்ந்தன. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. ஸ்னாப்சாட் செயலியில் இரு நண்பர்கள் தொடர்ந்து எத்தனை நாட்கள் படம் பரிமாறிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை காட்டப்படுகிறது. ஒரு நாள் தவறினால் அது அழிந்துவிடும். நட்பைக் காப்பாற்றுவதாக எண்ணிக் குழந்தைகள் அந்த எண்ணைக் காப்பாற்றுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படத்தின்மீது கண் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கணித்து, அதற்கேற்ப அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் கணினி முறை பின்னால் நின்று இயங்குகிறது.

புறாவும் பரிசும்

இவ்வுத்திகள் ஏன் இவ்வளவு வலிமையாகப் பிடிக்கின்றன? விடை பழைய ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார். கூண்டில் உள்ள பொத்தானைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் தானியம் தந்தால், வேண்டிய அளவு தின்றபின் புறா நிறுத்திக்கொள்ளும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றித் தந்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் தருவதை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்தும். சி.பி. ஃபெர்ஸ்டருடன் இணைந்து 1957-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த முடிவுகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரம் இயங்குவதும் இதே விதிப்படிதான். பரிசைவிடப் பரிசின் நிச்சயமின்மையே பிடித்து வைக்கிறது.

திரையை விரலால் தள்ளுபவரின் நிலையும் அதுவே. பத்துப் பதிவுகள் சாரமற்றவை; பதினோராவது சுவையானது. எது எப்போது வரும் என்று தெரியாது. 2009-இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய 'லைக்' பொத்தான் பிறரின் பாராட்டையும் இதே நிச்சயமின்மைக்குள் கொண்டுவந்தது. படம் போட்டவர், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கத் தூண்டப்படுகிறார்.

ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017-இல் அளித்த பேட்டியில், மனித உளவியலின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை உருவாக்கியவர்கள் அறிந்தே செய்ததாக ஒப்புக்கொண்டார். 2021-இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியிட்டு அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். வளரிளம் பெண்கள் சிலருக்குத் தம் உடலைப் பற்றிய தாழ்வுணர்வை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டிருந்ததை அவை காட்டின. ஆய்வுகள் தவறாகப் பொருள் கொள்ளப்படுவதாக நிறுவனம் மறுத்தது.

இலவசமா, விற்பனையா?

இவ்வளவு முயற்சி எதற்காக? சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோர் பணம் தருவதில்லை. நிறுவனங்களின் வருவாயில் மிகப் பெரும் பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. மனிதர்கள் திரையின் முன் எவ்வளவு நேரம் இருக்கிறார்களோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். அவர்களைப் பற்றி எவ்வளவு அறிகிறார்களோ அவ்வளவு குறி பார்த்துக் காட்டலாம். செய்தி பெருகப் பெருக மனிதனின் கவனம் அரிய பொருளாகிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே எடுத்துரைத்தார். அந்த அரிய பொருளே இன்று சரக்காகிவிட்டது.

ஆகவே 'இலவசம்' என்ற சொல் பொருந்தாது. விலை பெறப்படுகிறது, ரூபாயில் பெறப்படவில்லை, அவ்வளவே. உறக்கம், படிப்பு, குடும்பத்துடன் பேசும் மாலைப்பொழுது ஆகியவையே அந்த விலை. எவ்வளவு கொடுத்தோம் என்பது கொடுத்து முடித்த பிறகுதான் தெரிகிறது. கடைக்காரர் விலையைச் சொல்லாமல் பொருளைக் கொடுத்து, வாங்கியவரின் பையிலிருந்து தாமே பணத்தை எடுத்துக்கொண்டால் எந்தச் சட்டமும் பொறுக்காது. கவனத்தின் வணிகத்தில் மட்டும் அது இயல்பாகிவிட்டது.

'மன உறுதி போதாதா?'

மன உறுதி தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபக்க வலிமையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம், நாள் முழுதும் உழைத்துக் களைத்த தனிமனிதன். அல்லது பன்னிரண்டு வயதுக் குழந்தை. மறுபக்கம், எந்த நிறம், எந்த ஒலி, எந்த நேரத்து அறிவிப்பு அவரை அதிகம் ஈர்க்கிறது என்று கோடிக்கணக்கானோரிடம் நாள்தோறும் சோதித்துப் பார்க்கும் நிறுவனம். குதிரையைக் கடிவாளத்தால் அடக்க வேண்டியது சாரதியின் கடமை. ஆனால் குதிரை மிரள வேண்டும் என்பதற்காகவே வழியோரத்தில் ஒருவர் வெடி கொளுத்திக்கொண்டிருந்தால், சாரதியை மட்டும் குறை கூறுவது நீதியாகாது.

இது நோயா என்ற வினாவுக்கு மருத்துவ உலகில் ஒருமித்த விடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சமூக ஊடகப் பழக்கம் அதில் தனி நோயாக இடம்பெறவில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையோ, சமூக ஊடகம் குழந்தைகளுக்குப் போதிய அளவு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது என்றது. இங்கே ஒரு நியதியை நினைவுகூரலாம். புதிய மருந்து தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் கடமை அதைத் தயாரிப்பவருடையது; தீங்கு விளைந்தது என்று நோயாளி மெய்ப்பிக்கும்வரை விற்பனை தொடரட்டும் என்று எந்த நாடும் சொல்வதில்லை.

ஐரோப்பா காட்டிய வழி

இந்த நியதியைச் சமூக ஊடகத்துக்குப் பொருத்திப் பார்த்ததில் ஐரோப்பிய ஒன்றியம் முன்னே நிற்கிறது. 2022-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் சேவைகள் சட்டம், ஒன்றியத்தில் மாதம் 4.5 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்களுக்குத் தனிக் கடமைகளை விதிக்கிறது. தம் வடிவமைப்பால் எழக்கூடிய தீங்குகளை அவை தாமே மதிப்பிட்டு, குறைக்கும் வழியையும் செய்ய வேண்டும். தவறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

இச்சட்டம் எப்படிச் செயல்படும் என்பதற்கு 2024-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல பாடம். அவ்வாண்டு ஏப்ரலில் டிக்டாக் நிறுவனம் 'டிக்டாக் லைட்' என்ற செயலியை பிரான்சிலும் ஸ்பெயினிலும் அறிமுகம் செய்தது. காணொளி பார்த்தால் புள்ளி. 'லைக்' இட்டால் புள்ளி. நண்பரை அழைத்து வந்தால் புள்ளி. சேர்ந்த புள்ளிகளுக்குப் பரிசுச் சீட்டுகள் கிடைக்கும். பார்ப்பதற்கே கூலி தரும் ஏற்பாடு இது. இதனால் விளையக்கூடிய தீங்கை முன்கூட்டியே மதிப்பிட்டீர்களா என்று ஐரோப்பிய ஆணையம் கேட்டது. ஏப்ரல் 22-இல் முறையான விசாரணையைத் தொடங்கி, பரிசுத் திட்டத்தை இடைநிறுத்தும் எண்ணத்தையும் அறிவித்தது. இரண்டே நாட்களில் நிறுவனம் தானாகவே அத்திட்டத்தை நிறுத்தியது. ஆகஸ்ட் 5-இல், ஒன்றியம் முழுவதிலும் அதை நிரந்தரமாக விலக்கிக்கொள்வதாக அளித்த உறுதிமொழி சட்டப்படி கட்டுப்படுத்துவதாக ஆக்கப்பட்டது.

ஒரு காணொளியின் கருத்துகூட இங்கே தணிக்கை செய்யப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் எதைப் பேசலாம் என்று சட்டம் கேட்கவில்லை. பார்ப்பவரை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள் என்றுதான் கேட்டது. தீங்கு நேர்ந்த பிறகு வழக்காடுவதற்கு மாறாக, வெளியிடுமுன் எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டதே அதன் சிறப்பு.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023 டிசம்பர் 12-இல் இப்பொருள் குறித்துத் தனித் தீர்மானமே நிறைவேற்றியிருந்தது. ஆதரவு 545 வாக்குகள், எதிர்ப்பு 12. 2026 பிப்ரவரியில் ஆணையம், முடிவில்லாத் திரை, தானாக ஓடும் காணொளி, ஓயாத அறிவிப்புகள் ஆகியவற்றின் அடிமைப்படுத்தும் தன்மையைச் சுட்டி, டிக்டாக் சட்டத்தை மீறியதாகத் தன் முதற்கட்டக் கருத்தை வெளியிட்டது.

நீதிமன்றத்தின் பங்கும் உண்டு. தனிமனிதரின் பழக்கத்தைக் கணித்துப் பதிவுகளை அடுக்காத ஒரு மாற்று வரிசையையும் தளங்கள் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. மெட்டா நிறுவனத்தின் செயலிகளில் அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும், செயலியை மூடித் திறந்ததும் பழைய வரிசையே திரும்ப வந்தது. பயனரின் தேர்வு நிலைத்திருக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு அதைச் சத்தமின்றித் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஒருவகை ஏமாற்றே.

பிற நாடுகளின் முயற்சிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2024 ஜூனில் ஒரு சட்டம் இயற்றியது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றி இத்தகைய கணித்து அடுக்கிய வரிசையைக் காட்டக்கூடாது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை அதற்கான அறிவிப்புகளையும் அனுப்பக்கூடாது என்பது அதன் சாரம். சீனா, பயனரை அடிமையாக்கும் கணிப்பு முறைகளைத் தடுக்கும் விதிகளை 2022 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. 16 வயது நிரம்பாதவர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கு 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது, தளங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் உண்டு.

இவற்றில் இரு வகைகள் தெரிகின்றன. ஒன்று, குழந்தையை வாசலிலேயே நிறுத்துவது. மற்றொன்று, வீட்டையே அபாயமின்றிக் கட்டச் சொல்வது. முதலாவது எளிதில் புரிவது. ஆனால் 16 வயது நிரம்பிய மறுநாள் அதே அடியற்ற கிணற்றின் முன் குழந்தை நிற்கும். வயதைச் சரிபார்க்க எல்லோரிடமும் அடையாளச் சான்று கேட்க நேர்ந்தால் அந்தரங்கமும் பாதிக்கப்படும். இரண்டாவது கடினமானது; ஆனால் குழந்தைக்கும் முதியவருக்கும் ஒருங்கே பயன் தருவது.

பாரத நாட்டுச் சட்டங்களின் நிலை

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வடிவமைப்பில் குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. இச்சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. போலி அவசரம் காட்டுதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், சந்தாவிலிருந்து விலக வழி காட்டாதிருத்தல் முதலிய 13 உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. பணத்தைப் பறிக்கும் உத்திகளே அவற்றில் பெரும்பாலானவை. முடிவில்லாத் திரையோ, தானாக ஓடும் காணொளியோ அப்பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை.

இதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'சேவை' என்ற சொல்லுக்கான விளக்கம், கட்டணமின்றி அளிக்கப்படும் சேவையை விலக்கி வைக்கிறது. சமூக ஊடகத்துக்குப் பெரும்பாலோர் கட்டணம் செலுத்துவதில்லை. அப்படியானால் அதைப் பயன்படுத்துபவர் 'நுகர்வோர்' ஆவாரா? அவருடைய கவனமும் தனிப்பட்ட தகவல்களும் கட்டணமாகக் கருதப்படுமா? இந்த வினாவின் விடையில்தான் கோடிக்கணக்கான குடும்பங்களின் பாதுகாப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் பிறப்பித்த ஒரு நெறியாணை, பணத்துக்குப் பதிலாகத் தனிப்பட்ட தகவலைத் தருபவருக்கும் நுகர்வோர் உரிமைகள் உண்டு என்று ஏற்றது. அதுபோன்ற ஒரு விளக்கம் இங்கும் தேவை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஓரளவு துணை செய்யும். 18 வயது நிரம்பாதவரின் நடத்தையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தன. ஆயினும் அது தகவலைக் காக்கும் சட்டம். நேரத்தைக் காப்பது அதன் நேரடி நோக்கமன்று.

பொருளைத் தடை செய்யாமல் தூண்டுதலை மட்டும் கட்டுப்படுத்துவது நாட்டுக்குப் புதிதா? இல்லை. 1992-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தாய்ப்பாலுக்கு மாற்றான குழந்தைப் பால்மாவின் விளம்பரத்தைத் தடுத்தது. தாய்மாருக்கு இலவச மாதிரி தருவதைத் தடுத்தது. டப்பாவின்மேல் குழந்தையின் படத்தையும் தடுத்தது. பால்மா இன்றும் கடையில் கிடைக்கிறது; தேவைப்படும் தாய் வாங்கலாம். அவளை மயக்கி வாங்கவைக்கும் வழிகள் மட்டுமே அடைக்கப்பட்டன. சமூக ஊடகத்துக்கும் இதே நிதானம் பொருந்தும்.

சட்டம் கேட்கத்தக்கவை

இதுவரை கண்டவற்றிலிருந்து ஐந்து கோரிக்கைகளைத் தொகுக்கலாம்.

1. தானாக ஓடும் காணொளியும் முடிவில்லாத் திரையும் தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்க வேண்டும். வேண்டுபவர் தாமே முடுக்கிக்கொள்ளட்டும்.

2. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை திரை நின்று, தொடர வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

3. சிறுவர்களின் கணக்குகளுக்கு இரவில் அறிவிப்புகள் செல்லக்கூடாது.

4. கணித்து அடுக்காத வரிசையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு நிலைத்திருக்க வேண்டும்.

5. புதிய வசதியை வெளியிடுமுன் அதன் தீங்கை மதிப்பிட்டு, சுதந்திரமான ஆய்வாளர்கள் சோதிக்க இடம் தர வேண்டும்.

இவை பேச்சுரிமையைத் தடுக்கும் என்பது ஓர் ஆட்சேபம். இந்த ஐந்தில் எதுவும் எவருடைய சொல்லையும் நீக்கவில்லை. வயது வந்தவருக்குத் தம் நேரத்தை வீணாக்கும் உரிமைகூட இல்லையா என்பது மற்றோர் ஆட்சேபம். உண்டு, அறிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை அது. அந்த உரிமையை அவரிடமே திருப்பித் தருவதுதான் இக்கோரிக்கைகளின் நோக்கம். தொலைதூரத்து மகனின் முகத்தைக் காணவும், வெள்ள காலத்தில் உதவி கேட்கவும், சிறு வணிகர் தம் பொருளை விற்கவும் இதே ஊடகம் உதவுகிறது. இந்த நன்மைகள் எவற்றுக்கும் அடியற்ற கிணறு தேவையில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனிதர் அனுப்பும் செய்தியைத் தவிர மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடலாம். படுக்கையறையில் கைபேசிக்குப் பதில் ஒரு கடிகாரம் வைக்கலாம். மணி பார்க்கக் கைபேசி தேவைப்படாது. உணவு வேளையில் பெரியவர்கள் முதலில் தம் கைபேசியை ஒதுக்கி வைத்தால், குழந்தைகளுக்கு அறிவுரை தேவைப்படாது. பழக்கம் கைமீறிப் போனவர்கள் நாணமின்றி உதவி நாட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்தி வருகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தொடக்கத்தில் கண்ட மாணவனிடம் மீண்டும் வருவோம். அவனுக்கு வேண்டியது, முன்பு இருந்து பின்னர் நீக்கப்பட்ட அந்தச் சிறு பொத்தான்: 'இத்துடன் போதுமா?' என்று கேட்கும் ஒரு கணம். அந்தப் பொத்தானை மீண்டும் வைக்கச் செய்வது சட்டத்தின் கடமை. அதைக் கண்டதும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பது அவனுடைய கடமை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நேற்றுக் கைபேசியை எடுத்த முறைகளில், எடுத்த காரியம் மட்டும் முடிந்து கீழே வைத்தது எத்தனை முறை?

2. பணம் செலுத்தாதவரை 'நுகர்வோர்' என்று சட்டம் ஏற்க வேண்டுமா? ஏன்?

3. வயது வரம்பு, வடிவமைப்புச் சீர்திருத்தம் ஆகிய இரண்டில் குழந்தைகளுக்கு நீடித்த நன்மை தருவது எது?

4. இல்லத்தில் உள்ள செயலிகளில் எவை முடிவுள்ளவை, எவை முடிவற்றவை என்று குடும்பத்தினர் சேர்ந்தமர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்க முடியுமா?